பிரியாணிப் பந்தியில் பேர் வைத்த பச்சை வண்டு

வண்டைப் பாத்துப் பேர் சொல்றதுதாங்க என் பொழப்பு. சிரிச்சுக்குங்க, எங்கூட்டுல ஏற்கனவே சிரிச்சு முடிச்சுட்டாங்க. பாம்பைப் பாத்துப் பேர் சொல்றவங்க, காளானைப் பாத்து ‘திங்கலாம், திங்காதே’ங்கறவங்க, எக்ஸ்ரேயை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு முகத்தைச் சுளிக்கிறவங்க, உங்க எல்லாருக்கும் என் கஷ்டம் புரியும். சரியாச் சொன்னா, ‘இது எங்களுக்கே தெரியுமே’ம்பாங்க. தப்பாச் சொன்னா சாகற வரைக்கும் மறக்க மாட்டாங்க.

எங்க அத்தாவுக்குப் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில துணிக்கடை. அண்ணன்மார் ரெண்டு பேரும் கடையில உக்காந்துட்டாங்க. நான் மட்டும் பூச்சியியல் படிச்சு, ஒரு பூச்சிக் கணக்கெடுப்புல ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து, பாலக்காட்டுத் தென்னந்தோப்புல இருந்து இடுக்கி ஏலக்காடு வரைக்கும் வலையும் டப்பாவுமா அலையறேன். இந்த வருஷம் கோடை மழைக்கு அப்புறம் ஒரு பச்சை வண்டுக்குத் தப்பாப் பேர் சொல்லி, இடுக்கிச் சாந்தன்பாறையில ஒரு அக்காவோட பதினாலு தேனீப் பெட்டிக்கு உலை வைக்கப் பாத்த கதையைத்தான் இப்பச் சொல்லப் போறேன்.

மாப்பிள்ளை என்ன பண்றாரு?

புதன்கிழமை பெருமாட்டியில மாமா மகனுக்கு நிக்காஹ். பிரியாணிப் பந்தியில எனக்கு நேர் எதிர்ல சுலைமான் மாமா உக்காந்திருந்தாரு. அவரு மகளை எனக்குப் பேசிட்டிருந்த சமயம். “தம்பி என்ன யாவாரம்?”ன்னாரு. வண்டுங்கன்னேன். “அது விக்குமா?”ன்னாரு. விக்கறதில்லீங்க, பேர் சொல்றதுன்னேன். மனுஷன் கறித்துண்டைக் கீழ வச்சுட்டு என்னை ஏற இறங்கப் பாத்தாரு பாருங்க, அந்தப் பார்வைக்குப் பதிலா ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

அந்த நேரம் பாத்து போன் துடிச்சுச்சு. சாந்தன்பாறைப் பக்கத்து ஏலக்காய் விவசாயிங்க வாட்ஸ்அப் குழு. ஒரு ஏல இலைத் துண்டு மேல, மயில் கழுத்து மாதிரித் தகதகன்னு ஒரு பச்சை வண்டு. கீழ சங்கத் தலைவர் தங்கப்பாண்டியோட கேள்வி: ‘சார், இது வேர்ப்புழு வண்டா?’ வேர்ப்புழுங்கறது ஏலச்செடி வேரைக் கடிச்சுத் திங்கற புழு. அது வளர்ந்து வண்டாகறப்பப் பளபளன்னு இருக்கும், பல சமயம் பச்சையாவே இருக்கும். ஆனா நெல்லுமணி அளவுதான்.

எங்க தொழில்ல முதல் சட்டம் என்னன்னா, பக்கத்துல ஒரு ஸ்கேலோ காசோ வைக்காத படத்துக்கு வாயே திறக்கக் கூடாது. அந்தப் படத்துல இருக்கறது நெல்லுமணியா கட்டைவிரலான்னு படைச்சவனுக்குத்தான் தெரியும். அதெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும். ஆனா சுலைமான் மாமா பாத்துட்டே இருக்காரே! “பாத்தீங்களா மாமா, ஒரு மலையே நம்ம வார்த்தைக்குக் காத்துக் கிடக்கு”ன்னு சொல்லி, சோத்துக் கையை ஓரமா வச்சுட்டு, இடது கையாலேயே ‘ஆமாம்’னு தட்டி விட்டேன். மாமா எட்டிப் பாத்தாரு.

“ஏனுங் தம்பி, இந்த ஒத்த வார்த்தைக்கா மாசாமாசம் சம்பளம் தர்றாங்க?”

தீப்பெட்டி பக்கத்துல

மறுநாள் காலையில செல்வராணி அக்கா போன். போன வருஷம் கணக்கெடுப்புக்குப் போனப்ப ஒரு வாரம் எனக்குச் சோறு போட்டவங்க. தேயிலை பாக்டரி வேலையை விட்டு வந்தப்பக் கையில இருந்ததை வச்சு, அரை ஏக்கர் ஏலமும் தேனீப் பெட்டியும் வாங்கினவங்க. எடுத்த எடுப்புல, “தம்பி, நீங்க ஆமாம்னு போட்டுட்டீகளாம். சனிக்கிழமை சரிவு பூராவும் மருந்தடிக்கணும்னு சங்கத்துல முடிவு பண்ணிட்டாக. ஏலம் பூத்துக் கெடக்கு. எம் பெட்டியத் தூக்கிக்கிட்டு நா எங்குட்டுப் போவேன்?”ன்னாங்க.

நான் பெரிய மனுஷன் மாதிரி, ஒரு நாளைக்கு மட்டும் பெட்டி வாசலை அடைச்சு வைக்கச் சொன்னேன். “பூவுல விழுந்த மருந்து ஒரு நாள்ல போயிருமாக்கும்? வாரக்கணக்குல அடைச்சு வச்சா உள்ளயே வெந்து செத்துப் போகும்ல!”ன்னு ஒரு போடு போட்டாங்க. அப்புறம் தலைவர் படம் எடுத்த அந்த வண்டையே வாங்கிட்டு வந்து, தீப்பெட்டிக்குப் பக்கத்துல வச்சுப் படம் அனுப்பினாங்க. தீப்பெட்டி நீளத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. சத்தியமா இது வேர்ப்புழு வண்டு இல்லை.

உடனே குழுவுல ‘நான் சொன்னது தப்பு’ன்னு போட்டிருக்கணும். மானம் போயிருமேன்னு, ‘நேரில் ஆய்வு செய்யப்படும்’னு சர்க்கார் பாஷையில ஒண்ணு போட்டேன். அதுக்குக் கீழ பதினேழு பேர் வரிசையாக் காலை வணக்கப் பூ அனுப்பினாங்க. என் செய்தி ரோஜாப்பூவுக்கு அடியில போயே போச்சு. அக்கா மறுபடி கூப்பிட்டாங்க.

“நெசமாவே பாத்துத்தான் சொன்னீகளா தம்பி, இல்ல பச்சையா இருக்கேன்னு சொல்லிப்புட்டீகளா?”

பஸ்ஸே கேட்ட அர்ச்சனை

வெள்ளிக்கிழமை விடியக் கருக்கல்ல பஸ் ஏறி, உடுமலைப்பேட்டை வழியா மூணாறு பஸ் பிடிச்சேன். எங்க கணக்கெடுப்புக்குத் தலைவி ஒரு மேடம், கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரங்க. முப்பது வருஷமா வண்டோடயே குடித்தனம் நடத்தறவங்க. அக்கா அனுப்பின படங்களை முந்தின நாளே அனுப்பி வச்சிருந்தேன். மல்லாக்கப் போட்டு எடுத்த படமும் அதுல இருந்துச்சு. மறையூர்கிட்ட வர்றப்ப மேடம் கூப்பிட்டாங்க. சிக்னல் விட்டு விட்டு வந்ததால ஸ்பீக்கர்ல போட்டேன். அது என் வாழ்க்கையில ரெண்டாவது தப்பு.

“கழுத்துத் தகட்டோட பின்மூலை ரெண்டும் முள்ளாட்டம் நீட்டிண்டிருக்கு பார். அடியில மார்புல ஒரு முளை, அது போய் விழறதுக்கு ஒரு குழி. மல்லாந்தா முளையைக் குழியில சடக்குன்னு விட்டுத் துள்ளிண்டு எழுந்துக்கும். சொடுக்கு வண்டாக்கும் இது. இதோட புழு மக்கிப்போன மரத்துக்குள்ள கெடந்து வேற புழுவைத் தின்னும். ஏலத்துக்கு இதனால ஒரு கெடுதலும் கெடையாது. இதையா நீ வேர்ப்புழுன்னே?”

பச்சையா இருந்துச்சு மேடம்னு முனகினேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பாத்தாரு. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கறதை நிறுத்திட்டு நின்னாரு. பஸ் மொத்தமும் மேடத்தோட பதிலுக்குக் காத்திருந்துச்சு.

“பச்சைப் புடவை கட்டிண்டவா எல்லாரும் உனக்கு ஒரே மாமியாக்கும், இல்லையா?”

கூட்டத்தில் செத்துப்போனவர்

சாயங்காலம் நாலு மணிக்குச் சங்கக் கட்டடத்துல கூட்டம். இருபது பேர் இருப்பாங்க. செல்வராணி அக்கா மூடியில ஓட்டை போட்ட டிபன் டப்பாவுல வண்டோட வந்திருந்தாங்க. நான் ஒரு எவர்சில்வர் தட்டை வாங்கி, வண்டை அதுல மல்லாக்கப் போட்டு, “இப்பத் துள்ளும் பாருங்க”ன்னேன். வித்தை காட்டறவன் தோத்தான், அப்படி ஒரு பந்தா.

வண்டு ஆறு காலையும் மடக்கிக்கிட்டுப் படுத்திருச்சு. ஒரு நிமிஷம் ஆச்சு. அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஊதினேன், தட்டைத் தட்டினேன், மனசுக்குள்ள காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். “சார், அது போயிருச்சு”ன்னு ஒருத்தர் அனுதாபமாச் சொன்னாரு. இல்லீங்க, நடிக்குதுன்னேன். “சரி, அதுக்குப் பேரு என்ன? முழுசாச் சொல்லுங்க”ன்னாரு தலைவர். சொடுக்கு வண்டுல நூத்துக்கணக்குல இருக்கு, இது எதுன்னு சொல்ல ஒரு ஆண் வண்டைப் பிடிச்சு, லென்ஸுல பாத்து, சேகரிச்சு வச்சிருக்கற பழைய வண்டுகளோட ஒப்பிடணும், மாசக்கணக்காகும்னேன். தலைவர் விரலை மடக்கி, “பேரு தெரியாது. துள்ளாது. ஆனா கெடுதல் பண்ணாது. முந்தாநாளு நீங்கதான ஆமாம்னு போட்டீக?”ன்னாரு.

அக்கா என்னைப் பாத்தாங்க. அவங்க மடியில காலி டிபன் டப்பா. எனக்கு அதுக்கு மேல தாங்கலைங்க. “அளவு தெரியாத படத்துக்கு நான் பேர் சொல்லியிருக்கக் கூடாது. கல்யாணப் பந்தியில ஒருத்தர் முன்னாடி பெருமையடிக்க ஆமாம்னு போட்டேன். தப்பு என்னோடது. இது என்னன்னு முழுசாத் தெரியலை, ஆனா வேர்ப்புழு வண்டு இல்லைங்கறது மட்டும் சத்தியம்”னு உடைச்சுச் சொல்லிட்டேன். “அப்ப போன வருசம் நீங்க சொன்னதெல்லாம் எந்தப் பந்தியில இருந்து சொன்னது?”ன்னு பின்னால இருந்து ஒரு குரல். அரை மணி நேரம் ஆளாளுக்குக் கிழிச்சாங்க. கடைசியில, பேர் சொன்னவனே அது இல்லைங்கறப்ப எதுக்கு வீணா அடிக்கணும்னு சனிக்கிழமை மருந்தை ரத்து பண்ணினாங்க. எல்லாரும் டீ கிளாஸைக் கையில எடுத்தப்ப, தட்டுல ‘டக்’குனு ஒரு சத்தம். வண்டு ஒரு சாண் எம்பி, தலைவரோட வடை மேல போய் விழுந்துச்சு. தலைவர் வடையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாரு.

“வண்டுக்கே இப்பத்தான்யா இவரு மேல நம்பிக்கை வந்துருக்கு!”

ரெண்டு பெட்டி

தேர்தல்ல ஜெயிச்ச வேட்பாளர் கணக்கா அக்கா பின்னாடியே அவங்க தோட்டத்துக்கு நடந்தேன். பதினாலு பெட்டியும் தப்பிச்சுதுன்னு வழியெல்லாம் பீத்திக்கிட்டே போனேன். வேலி ஓரத்துக்கு வந்ததும் அக்கா நின்னுட்டாங்க.

மேல் தோட்டத்துக்காரர் சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கலை. கூட்டத்துக்கும் வரலை. சார்தான் ஆமாம்னு சொல்லிட்டாரேன்னு, அன்னிக்குக் காலையில நான் பஸ்ஸுல இருந்த நேரம், அக்காவுக்கும் சொல்லாம, தன் தோட்டத்துக்கு மட்டும் அடிச்சு முடிச்சிருந்தாரு. வேலியை ஒட்டி இருந்த ரெண்டு பெட்டிக்கு முன்னால தரை தெரியலைங்க. காப்பித்தூளைக் கொட்டின மாதிரி தேனீ. சிலது இன்னும் முதுகுல கிடந்து சுத்திக்கிட்டிருந்துச்சு. பாக்கிப் பன்னெண்டும் பொழைச்சிருந்துச்சு. ஆனா அந்த நேரம் பன்னெண்டு கண்ணுக்குத் தெரியலை, ரெண்டுதான் தெரிஞ்சுது. வியாழக்கிழமையே ‘தப்பு’ன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா இது நடந்திருக்காது. அக்கா, என்னை மன்னிச்சிருங்கன்னு சொன்னேன்.

அவங்க திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். என் பைக்குள்ள கையை விட்டு பூச்சி பிடிச்சுப் போடற காலி டப்பா ஒண்ணை எடுத்தாங்க. நாங்க பிடிக்கிற ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு சின்னச் சீட்டு எழுதி வைப்போம், எந்த ஊரு, என்ன தேதி, பிடிச்சது யாருன்னு. சீட்டு இல்லாத பூச்சியைக் குப்பையிலதான் போடுவோம். அக்கா குனிஞ்சு, ஒரு கைப்பிடி தேனீயை அள்ளி அந்த டப்பாவுல போட்டு மூடி என் கையில குடுத்தாங்க.

“இதுக்கும் சீட்டு எழுதுங்க தம்பி, ‘புடிச்சவர்’ங்கிற எடத்துல உங்க பேரப் போட்டுக்கிருங்க.”

அந்தப் பச்சை வண்டோட முழுப் பேரு இன்னும் வந்து சேரலைங்க, தப்புச் செஞ்சவன் பேரைக் கண்டுபிடிக்க மட்டும் எங்க தொழில்ல ஆண் வண்டும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம்.