அண்டர்ஸ்கோரில் தொடங்கிய பெயர்

எனக்கு அவளைப் பிடிக்காமல் போக, அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. மணமேல்குடிக்காரி. எங்கள் கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவள். நான் பதினோரு வருஷமாக அங்கே குப்பை கொட்டுகிறேன். ஆனாலும், கல்லூரியின் இணைய முகவரியான டொமைனுக்குக் கீழே இருக்கிற பெயர்களை வகைப்படுத்தி, எந்த மெஷினுக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று விதி எழுதும் வேலையை பிரின்சிபால் அவளிடம் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது, “நீங்க கூட இருந்து பாத்துக்கங்க மேடம்” மட்டும்தான். வயிறு எரிந்தது.

அவள் எழுதியது நன்றாக வேறு இருந்தது. மெஷினுக்கு வைக்கும் பெயர் ஹோஸ்ட்நேம். அதில் ஆங்கில எழுத்து, எண், நடுவில் வேண்டுமானால் ஹைபன், அவ்வளவுதான். ஒரே பக்கத்தில் முடித்திருந்தாள். நூலக மெஷின்களுக்கு நான் வைத்திருந்த பெயர்களிலோ, விதிப்படி கூடாத அண்டர்ஸ்கோர் என்கிற கீழ்க்கோடு வரிசையாக.

“இத மட்டும் மாத்திருவோமாக்கா?” என்று என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். எல்லார் முன்னாலும் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து, அவள் பட்டியலிலேயே அண்டர்ஸ்கோரில் தொடங்கும் ஒரு பெயர் கண்ணில் பட்டது. அகப்பட்டாயா என்றிருந்தது. அவளிடம் கேட்டிருந்தால் விளக்கம் சொல்லியிருப்பாள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நேரே பிரின்சிபால் அறைக்குப் போய், “எழுதுன விதிய அவளே மீறியிருக்கா சார்” என்றேன். திரும்பி வந்து, அந்தப் பெயரில் இருந்த பதிவையே டொமைனிலிருந்து அழித்தேன். அன்றைக்கு டீ கூட ருசியாக இருந்தது.

மறுநாள் காலையில் குளத்தூரிலிருந்து ஒரு மாணவியின் அப்பா போன் செய்தார். “அட்மிஷன் லெட்டர் அனுப்பியாச்சுன்னாங்க, இங்கிட்டு ஒண்ணும் வரலீங்களே.” மதியத்துக்குள் அதே புகார் பலரிடமிருந்து வந்துவிட்டது. மெயிலில் அனுப்பிய கடிதங்களெல்லாம், சந்தேகமான மெயில் போய் விழும் ஸ்பேமில் கிடந்தன. நான் அழித்தது எந்த மெஷினின் பெயரும் இல்லை. எங்கள் மெயில் நிஜமாகவே எங்களிடமிருந்து வருகிறதா என்று வெளியே இருப்பவர்கள் சரிபார்க்கும் பதிவு அது. டொமைனில் இருக்கும் பெயர்தான், ஆனால் ஹோஸ்ட்நேம் கிடையாது. அந்த விதி அதற்குப் பொருந்தவே பொருந்தாது. பதினோரு வருஷ மானம் இன்றோடு போகப்போகிறது என்று நினைத்தேன்.

அவள் பதிவைத் திரும்பச் சேர்த்தாள். அழித்தது யார் என்ற இடத்தில், திரையில் என் பெயர் நின்றது. அவள் அதைப் படிப்பதை நான் பார்த்தேன்.

“எப்படிம்மா ஆச்சு?” என்று பிரின்சிபால் வந்து நின்றார்.

“என் தப்பு சார். மெஷின் பேரையும் மத்த பேரையும் ஒரே பட்டியல்ல போட்டுட்டேன். யாரு பாத்தாலும் தப்புன்னுதான் நெனைப்பாங்க. இப்ப ரெண்டாப் பிரிச்சுட்டேன். அக்கா கவனிச்சதாலதான் தெரிஞ்சுச்சு.”

அவர் என்னைப் பாராட்டினார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

அந்த விதியின் கடைசிப் பக்கத்தில், சரிபார்த்தவர் என்று என் பெயர் இன்றும் இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் அவள் மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அவளை மாட்டிவிட்டிருப்பேன். அவளுக்கு அது தோன்றக்கூட இல்லை.