ஜனவரி ஏழு வரை ஒரு மரம்

மெர்சிக்கு முப்பத்தாறு வயது. துத்திப்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், மேல்தோல் தைக்கும் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை. அவள் கணவன் ஜோசுவா அதே கம்பெனியில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவன். நான்கு வருடத்துக்கு முன் எத்தியோப்பியாவில் ஒரு ஷூ கம்பெனிக்கு சூப்பர்வைசராகப் போனான். இரண்டு வருட ஒப்பந்தம் என்று போனவன், முடிந்ததும் இன்னொரு இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான். நடுவில் ஒரே ஒரு முறை, பதினைந்து நாள் வந்துவிட்டுப் போனான்.

கல்யாணமான வருடம் கிறிஸ்துமஸுக்கு மரமாக வைக்க அவன் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு சவுக்குக் கிளை வாங்கிவந்தான். ஒரு பக்கம் முழுக்க மொட்டை. சுவரோரமாகத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் மறையவில்லை. மெர்சி சிரித்த சிரிப்பில் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிரிக்காத. அடுத்த வருசம் மலைக்கு இட்டுனு போறேன். நீ பாத்து ஒரு மரத்தக் காட்டு, நானே வெட்டியாறேன்."

அவர்கள் குடியிருந்த பகுதிக்குப் பெயரே பெத்லகேம். அங்கே வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் நாயக்கனேரி மலை பக்கத்தில்தான் தெரியும். ஆனால் போக முடியவில்லை. டிசம்பர் என்றால் கம்பெனியில் ஏற்றுமதி அவசரம். ஒரு வருடம் விடாத மழை. ஒரு வருடம் முழுவதும் குழந்தைக்காக வேலூர் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். குழந்தை பிறக்கவில்லை. பிறகு அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார்கள்.

போன டிசம்பர் இருபதாம் தேதி வருவதாகச் சொல்லியிருந்தான். மெர்சி முன்னறைக்கு வெளிர்நீலம் அடித்தாள். அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி, பிரிக்காமல் பீரோவில் வைத்தாள். பத்தாம் தேதி போன் வந்தது.

"லீவு குடுக்க மாட்டேன்றாங்க மெர்சி. இங்க கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழுதான். டிசம்பர் இருவத்தஞ்சு இவங்களுக்குச் சும்மா வேலை நாளு."

"உங்களுக்கு?" என்றாள் அவள்.

அவனுக்குப் பின்னால் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் கேன்டீனில் பக்கத்து மெஷின் அம்பரீன் அவளிடம் போனை நீட்டினாள். அமெரிக்காவில் இருக்கும் அவள் நாத்தனார் அனுப்பிய வீடியோ. பனியில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு கிறிஸ்துமஸ் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கவர்மென்ட் காடாம்டி. ஆபீஸ்ல ஒரு சீட்டு வாங்கினா போதும், நம்மளே போயி வெட்டிக்கலாமாம்."

மெர்சி அதை மூன்று தரம் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "இங்கயும் குடுப்பாங்களா?" என்றாள்.

"பைத்தியமாடி உனுக்கு?" என்றாள் அம்பரீன். ஆனாலும் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அவள்தான் ஸ்கூட்டியில் வனத்துறை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த வனவர் கோதண்டராமன் இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெற இருப்பவர். மெர்சி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இன்னாம்மா இது, காப்புக்காட்டுல ஒரு கிளைய ஒடிச்சாலே கேஸு. அந்த ஊரு வேற, நம்ம ஊரு வேற."

"சின்ன மரம் போதும் சார். இடுப்பு ஒசரம் இருந்தாக்கூட போதும்."

"ஊட்டுக்காரரு எங்க? அவரு வரலியா?"

அந்தக் கேள்விக்கு மெர்சியின் கண் நிறைந்துவிட்டது. அம்பரீன்தான் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உன்னிச்செடி தெரியுமா? காட்டையே மேஞ்சினு வருது அது. திங்கக்கெழமை ஆள வெச்சிப் புடுங்கறோம். அதுல ஒண்ணு எடுத்துக்கோ, யாரும் கேக்க மாட்டாங்க. வேரோட வரணும். பழம் இருந்தா அங்கியே உதுத்துடு, ஊருக்குள்ள மொளச்சிடும்."

திங்கட்கிழமை மெர்சி லீவு போட்டுவிட்டுப் போனாள். மலையடிவாரத்தில் எட்டுப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் எல்லம்மா என்பவள் கடப்பாரையை நிறுத்தி இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பூச போடவா எடுத்துனு போற இத? ஆடுகூட வாய் வெக்காதே."

"பண்டிகைக்கு அக்கா."

மார்பு உயரத்தில், நாலு பக்கமும் கிளை சமமாக விரிந்த ஒரு செடியை மெர்சி தேர்ந்தெடுத்தாள். எல்லம்மா பெயர்த்துத்தர வந்தபோது வேண்டாம் என்றாள். கடப்பாரையை மட்டும் வாங்கிக்கொண்டாள். வேர் கல்லுக்கடியில் ஓடியிருந்தது. முள் இரண்டு கையையும் கிழித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. செடி பெயர்ந்து வந்த வேகத்தில் அவள் மல்லாக்க விழுந்தாள். எல்லம்மா ஓடிவந்து தூக்கியபோது, மெர்சி பக்கத்தில் திரும்பி "பாத்தீங்களா?" என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள். அப்புறம்தான் ஜோசுவா அங்கே இல்லை என்பது உறைத்தது.

கிறிஸ்துமஸ் அன்று அவன் வேலையில் இருந்தான். கூப்பிட முடியவில்லை. மெர்சி சர்ச்சுக்குப் போய்வந்து, அம்பரீன் வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்பினாள். ஆனால் மரத்துக்கு விளக்குப் போடவில்லை. அதற்குள் இலையெல்லாம் சுருண்டு உதிரத் தொடங்கியிருந்தது. புத்தாண்டு முடிந்து தெருவில் எல்லோரும் நட்சத்திரத்தை இறக்கிவிட்டார்கள். அவள் இறக்கவில்லை.

ஜனவரி ஏழாம் தேதி, அவனுக்கு அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை. அவள் அரைநாள் லீவு எடுத்து வந்தாள். குளித்து, கிறிஸ்துமஸ் புடவையையே மறுபடி கட்டிக்கொண்டாள். வெறும் குச்சியாக நின்ற செடியில் விளக்குச் சரத்தைச் சுற்றினாள். சாயங்காலம் வீடியோவில் ஜோசுவா வந்தான்.

"இன்னா மெர்சி இது, எலையே இல்ல?"

அவள் முதலிலிருந்து சொன்னாள். அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"கையக் காட்டு."

காட்டினாள். கீறல்கள் ஆறி, கறுத்த கோடுகளாக இருந்தன.

"நான் இட்டுனு போறேன்னு சொன்னேனே," என்றான்.

"சொன்னீங்க."

மேஜையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினான். இன்னும் இரண்டு வருடத்துக்கான ஒப்பந்தம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். "இன்னா பண்ணட்டும்?"

முன்பு இரண்டு முறையும் இதே கேள்விக்கு அவள் "உங்க இஷ்டம்" என்றுதான் சொல்லியிருந்தாள். அது பொய் என்று அப்போதே அவளுக்குத் தெரியும்.

"வந்துடுங்க," என்றாள். "எனக்கு முடியல."

அவன் கையெழுத்துப் போடவில்லை. பழைய ஒப்பந்தம் முடிந்து ஏப்ரல் கடைசியில் வந்தான். விமான நிலையத்தில் மெர்சி மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் நின்றாள். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். போன் திரையில் தெரிந்ததைவிட மெலிந்து, காதோரம் நரைத்த ஒருவனைத் தாண்டி அவள் கண் பின்னால் போனது.

"என்னத் தெரியலியா?" என்றான் அவன்.

ரயிலில் அரக்கோணம் தாண்டுவதற்குள் அவன் தூங்கிவிட்டான். அவன் தோள்பையின் வாரை மெர்சி இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள்.