வண்டித்தடத்தில் போன ராக்கெட்

தற்காலிக சயின்ஸ் வாத்தியாருக்கு சயின்ஸ் கொஞ்சம் தெரிந்தால் போதும், இன்ஸ்பெக்டரின் முகம் பார்த்துப் பேசத்தான் நிறையத் தெரிய வேண்டும். பட்டவர்கள் தலையாட்டுவீர்கள். அறுபதுகளின் தொடக்கம்; மனிதன் பூமியைச் சுற்றிவிட்டு இறங்கியிருந்த புதிது. செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வேலை நிரந்தரமானால்தான் பெண் கொடுப்பேன் என்று திண்டிவனத்து மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அகராதி செய்த வேலை

இன்ஸ்பெக்டர் முன்னால் நான் நடத்த வேண்டிய பாடம், ராக்கெட்காரர்கள் 'ஆர்பிட்' என்று சொல்லும் சுற்றுப்பாதை. அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் அதற்கு வண்டிச்சக்கரம் பதிந்த தடம் என்று அர்த்தமாம்! அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கப் போகிறேன் என்று ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். அவர் பொடி டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்: “ஆகாசத்துல போறதுக்கு மாட்டுவண்டியா? நம்ம ஸ்கூலைத் தொழுவம்னு எழுதிட்டுப் போவாருய்யா!”

தூங்கிய வண்டிக்காரர்

மறுநாள் காலை, மேல்சித்தாமூர்ப் பக்கமிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையோடு ஒரு மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் மூட்டைமேல் குறட்டை. மண்ரோட்டில் ஆழமாகப் பதிந்திருந்த தடத்தில் மாடுகள் பாட்டுக்குப் போயின. நான் சும்மா இருந்திருக்கலாம். தட்டி எழுப்பி, இப்படித் தூங்கலாமா என்று கேட்டேன். அவருக்கு வந்ததே கோபம்! “தடத்துல உட்டா மாடு தானா போவுது சார். தடத்த உட்டு ஏறும்போதுதான் முழிச்சிருக்கணும், இல்லன்னா அச்சு முறிஞ்சிடும். இது தெரியாம நீங்க இன்னா வாத்தியாரு?”

மண்ணோடு வந்த இன்ஸ்பெக்டர்

அன்றுதான், தொண்டூர்ப் பள்ளியைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் காரில் வருவதாக ஏற்பாடு. இரண்டு மணி நேரம் தாமதமாக, முழங்கால் வரை மண்ணோடு நடந்து வந்தார். ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

பயத்தில் நான் தயார் செய்ததெல்லாம் மறந்துபோய், வண்டிக்காரர் சொன்னதையே வகுப்பில் சொன்னேன். தடத்தில் ஏறிவிட்டால் ராக்கெட் தானாகச் சுற்றும், உள்ளே இருக்கிற ஆள் தூங்கக்கூடச் செய்யலாம். பூமிக்கு இறங்கத் தடத்தை விட்டு வெளியே வரும்போதுதான் ஆபத்து. அசந்தால், மாட்டுவண்டிக்கு அச்சு முறிகிற மாதிரி, கதை முடிந்தது.

வாசலில் நின்ற ஹெட்மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. கல்யாணம் போச்சு என்று சாக்பீஸைக் கீழே வைத்தேன். அவர் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “இந்தப் பாடத்தைக் காலையிலேயே எங்க டிரைவருக்கு நடத்தியிருக்கக் கூடாதாய்யா? கார் தொண்டூர் ரோட்டுல அச்சு முறிஞ்சு கிடக்கு!”

வேலை நிரந்தரமாயிற்று, தை மாதமே கல்யாணமும் ஆயிற்று. இதற்கெல்லாம் நான் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால் அந்த டிரைவருக்குத்தான்.