லைட் அக்காவின் கண்கள்

லைட் அக்கா என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால் கட்டடத்தில் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார்கள். இரண்டாம் மாடி போட்டோ ஸ்டுடியோக்காரரின் மனைவி அவள். வாடிக்கையாளர் உள்ளே வருவதற்கு முன்னால் விளக்குகளைச் சரிபார்க்க ஒரு முகம் வேண்டும் அல்லவா, அந்த முகம் அவளுடையது. கல்யாணமான புதிதில், "சும்மா ரெண்டு நிமிஷம் உட்காரு" என்றார் புருஷன். இருபது வருஷமாகியும் அந்த ரெண்டு நிமிஷம் முடிந்தபாடில்லை.

ஸ்டுடியோவுக்குப் பின்னாலேயே வீடு. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்காருவாள். அவர் விளக்கை அப்படி நகர்த்தி, இப்படி நகர்த்தி, நாலைந்து படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "போதும், எழுந்திரு" என்பார். சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் பேசும்போதுகூட அவருடைய பார்வை அவள் கன்னத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதிலேதான் இருக்கும்.

இப்போதெல்லாம் குடும்பப் படம் எடுக்க யார் வருகிறார்கள்? வருகிறவர் எல்லாம் இணையத்தில் போட ஒரே ஒரு முகம் கேட்டுத்தான் வருகிறார்கள். அவர் எடுத்த படத்தைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது, பார்த்ததும் வேலை கிடைக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அவரும் அதைக் கேட்டு மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் லைட் அக்காவுக்கு வீடு வெறிச்சென்று ஆனது. கல்யாணத்துக்கு முன் கணக்குப் படித்தவள் அவள். ஒரு கூரியர் கம்பெனியில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மகள் போனில் சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தனக்கென்று ஒரு நாற்காலி வேண்டும், அதில் உட்கார்ந்தால் யாரும் எழுந்திரு என்று சொல்லக் கூடாது. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஆனால் அதற்காக உயிரையே விட்டுவிடுவாள் போல இருந்தது.

விண்ணப்பம், வேலை தேடுகிறவர்களும் தொழில் செய்கிறவர்களும் படம் போட்டு வைக்கும் ஓர் இணையதளத்தின் வழியாக வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும், படத்தோடு.

"புதுசா எதுக்கு எடுக்கணும்? உன் படம்தான் கம்ப்யூட்டர்ல மலையாக் கிடக்கே" என்று பழைய படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார் புருஷன்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. இந்த முகத்தின் பகுதிகள் வேறு உறுப்பினர்களின் படங்களிலும் காணப்படுவதால் விண்ணப்பம் நிறுத்தப்பட்டுள்ளது, வேறு படம் அனுப்பவும். கீழே அந்த வேறு உறுப்பினர்களின் படங்கள். ஒரு பல் டாக்டர் அம்மா, ஒரு டியூஷன் டீச்சர், பெரிய மீசை வைத்த இன்ஷூரன்ஸ்காரர். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த மீசைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று படத்தைப் பெரிதாக்கினாள்.

லைட் அக்காவின் வலது கண் வெள்ளையில் கடுகளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி உண்டு, பிறவியிலேயே வந்தது. மீசைக்காரரின் வலது கண்ணில் அது இருந்தது. டாக்டர் அம்மாவின் கண்ணிலும் இருந்தது. டீச்சரின் கண்ணிலும். மூன்று முகங்களுக்குள் இருந்தும் அவளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்த பிறகும் முதுகில் யாரோ பார்ப்பது போலவே இருந்தது.

இன்ஷூரன்ஸ்காரரின் ஆபீஸ் அதே கட்டடத்தில் கீழ்த்தளம். கால் தன்னால் இறங்கிப் போனது. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவர் கண்ணையே உற்றுப் பார்த்தாள். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, புள்ளி இல்லை.

"என்னக்கா, அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. எங்க வீட்டுக்காரர் எடுத்த படம் நல்லா வந்துச்சான்னு கேக்க வந்தேன்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "ஆளுங்க நிறைய வர்றாங்க, பொய் சொல்லக் கூடாது. ஆனா எங்கம்மா அந்தப் படத்தைப் பாக்க மாட்டேங்குறாங்க. உனக்குள்ள இருந்து எவளோ பாக்குறாடான்னு சொல்றாங்க. வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் பேசுவாங்க" என்றார். சொல்லிவிட்டுத் தன் கையைத் தேய்த்துக்கொண்டார், மயிர்க்கூச்செறிந்திருந்தது.

மாடிப்படி ஏறும்போது அவளுக்கு அழுகை வந்தது, கோபம் அதைவிட அதிகமாக வந்தது. புருஷன் கம்ப்யூட்டர் முன்னால் யாருடைய கன்னத்துப் பருவையோ அழித்துக்கொண்டிருந்தார்.

"என் கண்ணை எடுத்து ஊருக்கெல்லாம் வெச்சீங்களா?"

அவர் மறைக்கக்கூட இல்லை. "வர்றவங்கள்ல பாதிப் பேர் ஃபிளாஷ் அடிக்கும்போது கண்ணை மூடிடறாங்க. மூடாதவங்க முழிக்கிறாங்க. என்ன பண்றது? நீ அதே ஸ்டூல்ல, அதே வெளிச்சத்துல அப்பத்தான் உட்கார்ந்து எழுந்திருக்கே. உன் கண்ணை எடுத்து வெச்சா ஒட்டுப் போட்டதே தெரியாது. எல்லாருக்கும் பொருந்துது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"உன்கிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்றார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அதுதான் அவளை உறைய வைத்தது.

"எனக்கு இப்போ ஒரு படம் வேணும். இன்னைக்கு எடுத்தது. ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். விளக்குகளை வைத்து, நாலைந்து படம் எடுத்துவிட்டு, பழக்கத்தில் "போதும், எழுந்திரு" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. "இப்போ எடுங்க" என்றாள். எடுத்தார்.

படம் திரையில் வந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம், ஓரத்தில் சுருக்கம், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கோபம். இப்படி ஒரு பார்வை தனக்கு இருக்கிறது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

"கண்ணு சரியா வரலை" என்றபடியே அவர் விரல் ஒரு கோப்புறையைத் திறந்துவிட்டது. திரை முழுக்கக் கண்கள் வந்து நிறைந்தன. முகம் இல்லை, நெற்றி இல்லை, வெறும் கண்கள், ஜோடி ஜோடியாக, வரிசை வரிசையாக. எல்லாம் அவளுடையவை. எதுவும் எதையும் பார்க்கவில்லை. விளக்கு எப்போது சரியாகும், அடுப்பை எப்போது அணைப்பது என்று காத்துக்கொண்டிருந்த கண்கள். அந்தக் காத்திருப்பைத்தான் ஊர் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டது.

"இதுல நல்லதா ஒண்ணு வெச்சிடறேன். ஒரு நிமிஷம்."

அவர் கையிலிருந்த மவுசை அவள் பிடுங்கினாள். கோப்புறையை மூடி, எடுத்தது எடுத்தபடியே படத்தை அனுப்பினாள். கொஞ்ச நேரம் சக்கரம் சுழன்றது. இந்த முகம் வேறு எவருடனும் ஒத்துப்போகவில்லை, விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று வந்தது. அவள் மவுசை மேஜையில் வைத்தாள்.

அவர் மட்டும் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. "எப்படி ஏத்துக்கிட்டான்? இது உன் கண்ணே இல்லையே" என்றார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க."

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். நன்றாக, நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு நாற்காலியை மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டு, "நீங்க..." என்று ஆரம்பித்து, பாதியிலே நிறுத்தினார்.