ஏழு குண்டும் ஒரு கரண்டியும்

மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக் கிள்ளி முத்துசெல்விக்கு விரல் நுனியில் எரிச்சல் தெரிவது நின்று பல வருசம் ஆகிறது. குடோனுக்குப் புதிதாக வருகிற பெண்கள் சாயங்காலம் கையை மோரில் முக்கிக்கொண்டு அழுவார்கள். இவள் அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். புருசன் செத்தபோதும் இவள் இப்படித்தான் இருந்தாள் என்று விளாத்திகுளம் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரே பேசும். "கல்நெஞ்சுக்காரி" என்றவர்களும் உண்டு. அவர்களும் துட்டிவீட்டுச் சாப்பாட்டை இரண்டு தரம் வாங்கித்தான் தின்றார்கள்.

புருசன் மாரிசெல்வம் பட்டாளத்தில் சமையல்காரர். பதினோரு வருசத்துக்கு முன்னால் வடக்கே மலைப்பாதையில் காய்கறி லாரி உருண்டு செத்தார். முதல்நாள் போனில், "நூத்தியிருபது பேருக்குச் சாம்பாரு. கத்திரிக்காய்க்கு நாளைக்குக் கீழ இறங்கிப் போகணும்" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

இந்த வருசம் குடியரசு தினத்துக்கு அவரைப் பற்றி ஊரில் புத்தகம் போட்டார்கள். எழுதினவர் உரக்கடை செல்லத்துரை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எந்த பிளக்ஸுக்கும் பாட்டு அவருடையதுதான். படம் கேட்டு வந்தவர், எழுதியதை வாசித்தும் காட்டினார். எல்லையில் சண்டை. ஏழு குண்டு. ஏழும் மார்பில்.

"அண்ணாச்சி, அவிய லாரி உருண்டுல்லா செத்தாவ."

"தெரியும் தாயி. ஊருக்கே தெரியும்."

"பெறகு?"

"தேசத்தப் பத்திப் பாட்டு எழுதுதேன். அதுல கத்திரிக்காய எங்கன கொண்டு வைக்க?"

"அத்தன பேருக்கும் சோறு பொங்கித்தான போட்டாவ. அத எழுதுங்க. ஒரு வரி போதும்."

"கேக்கவன் சிரிச்சிருவான் தாயி. மாப்பிள்ள பேருல்லா கெட்டுப்போகும்!"

வீட்டில் இருந்தது ஒரே படம். அண்டா முன்னால் கரண்டியோடு நிற்கிறார். கரண்டியைப் பார்த்தாவது அந்த ஒரு வரியை எழுதிவிட மாட்டாரா என்று நினைத்துக் கொடுத்தாள்.

விழா அன்று பள்ளிக்கூட மைதானத்தில் அவளுக்கு முன்வரிசை நாற்காலி. செல்லத்துரை வாசித்தார். மூன்றாம் குண்டுக்கு விசில் பறந்தது. ஐந்தாம் குண்டுக்குப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஏழாவதுக்குச் செல்லத்துரையே வாசிப்பை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோற்றைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. பிறகு மைக்கை இவளிடம் கொடுத்தார்கள்.

"அவிய காய் வாங்கப் போனாவ," என்றாள். "லாரி உருண்டுட்டு."

செல்லத்துரை மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பாவம், பதினோரு வருசமாச்சு. துக்கத்துல புத்தி இன்னும் நெலைக்கு வரல."

முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை. மிட்டாய் கொடுத்தார்கள், தின்றாள்.

மறுநாள் குடோனில் அடுத்த வீட்டு மிக்கேலம்மாள் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மாரிசெல்வம் செத்த அன்றைக்குப் பட்டாளத்திலிருந்து வந்த போனை எடுத்தவளே இவள்தான். லாரி உருண்ட சேதியைத் தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடியவளும் இவள்தான்.

"ஏட்டி, ஏழு குண்டுமா நெஞ்சுல பட்டுச்சு?"

முத்துசெல்வி அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. கண் கலங்கியிருந்தது.

"ஆமா," என்றாள்.

மிக்கேலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு புத்தகத்தை நீட்டினாள். அட்டையில் மாரிசெல்வம். அண்டா போய்ப் பனிமலை வந்திருந்தது. கோவில்பட்டி ஸ்டூடியோவில் கரண்டியை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைச் செருகியிருந்தார்கள். கையை மாற்ற மறந்துவிட்டார்கள் போல. மனுசர் துப்பாக்கியைச் சாம்பார் கிண்டுகிற பிடியில் பிடித்திருந்தார்.

முத்துசெல்வி அந்தக் கைமேல் விரலை வைத்தாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வத்தலை எடுத்தாள்.