கிராம்பு மணத்த வியாழக்கிழமைகள்

மக்களே, போன கிறிஸ்துமஸ் லீவுக்கு நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்திருந்தபோது நடந்தது இது. அம்மா இறைச்சிக்கு மசாலா இடித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் அடுக்களைக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சி, "ஐ, அப்பா மணம்!" என்றாள். இளையவனும் வந்து மோந்து பார்த்துவிட்டு ஆமாம் என்றான். உரலில் கிடந்தது நாலைந்து கிராம்பு. சின்ன வயதில் ஆட்டோவின் முன்சீட்டில் என்னோடு ஒட்டி உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகும்போது என்மேல் அந்த மணம்தான் வருமாம். நீங்கள் சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை. உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் முற்றத்துக்கு இறங்கிப் போய்விட்டேன்.

அந்த மணம் என்மேல் எப்படி வந்தது என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நம் ஊரில் வியாழக்கிழமை சாயங்காலம் கூடுகிற ஜெப ஐக்கியம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போதகர் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. வாரம் ஒரு வீடு. பாய் விரித்து எட்டுப் பத்துப் பேர் உட்காருவோம். பல சபைகளைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வேதத்தில் ஓர் அதிகாரத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். பிறகு ஆளாளுக்குத் தெரிந்ததைப் பேசுவோம். முடிவில் பால் விடாத கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் வரும். சனிக்கிழமை ஊழியம். படுக்கையில் கிடக்கிறவர்களைக் குளிப்பாட்டுவது, வீடு கூட்டிக்கொடுப்பது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோவது. கஞ்சிப் போணி, அந்தப் பெரிய பாத்திரம், என் ஆட்டோவில்தான் போகும்.

இதையெல்லாம் நடத்தியது தையல்கார அக்கா. ஜெபம் பண்ணும்போதும் கழுத்தில் அளவு நாடா கிடக்கும். வேதப்புத்தகத்தில் அடையாளத்துக்கு ஜாக்கெட் துணி வெட்டின துண்டுகளை வைத்திருப்பார், சிவப்பும் பச்சையும் பூப்போட்டதுமாக. நான் வாசிக்கும்போது நீளமான பெயர் வந்தால் திக்குவேன். அக்கா, தான் வாசிப்பது போலக் காட்டாமல் மெதுவாக என்னோடு சேர்ந்து சொல்லி, அந்தப் பெயரைத் தாண்டியதும் நிறுத்திக்கொள்வார். வேறு யாருக்கும் அது தெரியாது. அப்படிப்பட்டவர்.

அக்காவின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ரப்பர் வெட்டுகிறவர். தோட்டத்தில் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற கொட்டகை ஒன்று உண்டு. புளித்த ரப்பர் பாலின் வாடை அங்கே எப்போதும் நிற்கும். அந்த வாடைக்குள் சாராய வாடை தனியாகத் தெரியாது. அதனால் நாங்கள் குடிக்க உட்காருவது அங்கேதான். ஆம் மக்களே, உங்கள் அப்பா குடித்தவன். உங்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். முழுவதும் தெரிந்திருக்காது.

ஒரு தடவை எனக்கே வெறுத்துப்போய் பதினோரு நாள் தொடாமல் இருந்தேன். பதினோராம் நாள் வியாழக்கிழமை. எங்கள் ஐக்கியத்தில் வாசிப்பு முடிந்ததும் சாட்சி சொல்கிற வழக்கம் உண்டு. கர்த்தர் தனக்குச் செய்ததை அவரவர் எழுந்து நின்று சொல்லவேண்டும். நான் எழுந்தேன். பதினோரு நாளாகக் குடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எல்லாருடைய முகத்தையும் பார்த்ததும் வாய் தானாக ஓடியது. "அந்தச் சனியன விட்டாச்சு. இனி ஆயுசுக்கும் கிடையாது" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா அழுதார். உங்கள் அம்மாவும் தட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் குடித்தேன்.

அடுத்த வாரம் அக்கா நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, பக்கத்துத் தெருவுல ஒரு வீடு உண்டு. அந்த வீட்டுப் பயலும் உன்னப் போலத்தான். நீ வந்து ஒருக்கா சாட்சி பறஞ்சா போதும்" என்றார். எப்படி மாட்டேன் என்பது? போனேன். அதற்குப் பிறகு வீடு வீடாகப் போனேன். கருங்கல் ஊரில் ஒரு வீட்டில் சொன்னேன், மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு வீட்டில் சொன்னேன். எங்கே போனாலும் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்குச் சாயா கொண்டுவந்து தருவாள். அவள் புருஷன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பான். அவன் முகத்தைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன். சொல்லச் சொல்லச் சாட்சியும் வளர்ந்தது. மிச்சமிருந்த சாராயக் குப்பியைக் குளத்தில் வீசி எறிந்தேன் என்று ஒரு வரி எப்போதோ வந்து சேர்ந்தது. நான் எந்தக் குளத்திலும் எதையும் எறிந்ததில்லை.

அந்த நாட்களில்தான் கருங்கல் சந்தையில் கிராம்பு வாங்க ஆரம்பித்தேன். தொண்டை மிட்டாய் வந்த ஒரு தகர டப்பாவில் போட்டு ஆட்டோ சீட்டுக்கு அடியில் வைத்திருப்பேன். சாயங்காலம் குடித்தது காலையிலும் வாயை விட்டுப் போகாது. உங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் முன் இரண்டு கிராம்பு மெல்லுவேன். நீங்கள் சொன்ன அப்பா மணம் அதுதான்.

கொட்டகையில் அண்ணன் என்னைக் கேலி செய்வார். "ஏலே உபதேசியாரே, இன்னைக்கு எந்த வீட்ல பிரசங்கம்?" என்று கேட்டு ஊற்றுவார். எனக்கும் சிரிப்பு வரும். வெளியே சொல்லமுடியாத ஒன்றை ஒருவரிடமாவது மறைக்காமல் இருக்கிறோமே என்று அந்தச் சிரிப்பில் ஒரு ஆசுவாசம்.

ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் ஐக்கியம் அக்காவின் வீட்டுக்கு வந்தது. வழக்கமாக அன்றைக்கு அண்ணன் வெளியே போய்விடுவார். அன்று அடைமழை. எங்கேயும் போகமுடியாமல் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். வாசிப்பு முடிந்ததும் அக்கா என்னைப் பார்த்தார். அந்த முகத்தை இப்போதும் மறக்கமுடியவில்லை. இத்தனை வீடுகளுக்கும் என்னைக் கூட்டிப்போனது இந்த ஒரு வீட்டுக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இன்னைக்கு இவியளும் உண்டு. தம்பி, நீ பறை" என்று அண்ணன் பக்கம் கையைக் காட்டினார்.

எழுந்தேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் இருவரும் ஒரே கொட்டகையில் இருந்தோம். உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் பழகின வாய் பேசத் தொடங்கிவிட்டது. குளம்வரை வந்துவிட்டேன்.

"எந்தக் குளம்லே?" என்றார் அண்ணன்.

உங்கள் அம்மா உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் என் முகத்தையும் அம்மாவின் குனிந்த தலையையும் பார்த்துவிட்டு, "சொல்லுலே, சொல்லு. உள்ளதுதான். அந்தக் குளம் எனக்குத் தெரியும்" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். என்னைக் காப்பாற்றிவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் தூங்கிப்போனபின் ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து அம்மா சொன்னாள்: "நான் கை தட்டினது உங்களுக்கில்ல. பிள்ளைய ரெண்டும் என்னப் பாத்துட்டு இருந்துது." அவளும் என் பொய்க்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என்ன செய்தேன்? அடுத்த வீட்டுக்குப் போய் அதே குளத்தைச் சொன்னேன்.

வருஷம் முடியும் முன் அண்ணனுக்குக் கண் மஞ்சளித்து வயிறு வீங்கிப்போய் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சனிக்கிழமைக் கஞ்சியை இப்போது அவருக்கும் கொண்டுபோனோம். ஒரு நாள் அக்கா பாத்திரம் கழுவப் போயிருந்தார். நான் கரண்டியால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நாலு வாய் குடித்தபின் போதும் என்று என் கையைத் தள்ளினார்.

"அன்னைக்கு மழையில நீ உள்ளதப் பறஞ்சிருந்தியானா, நானும் வாயத் திறந்திருப்பேன்லே. அதுக்காகத்தான் குளத்தக் கேட்டேன். நீ முழிச்சே. உனக்க வீட்டுக்காரி தல குனிஞ்சிட்டு இருந்தா. பின்ன நான் என்னத்தச் சொல்ல?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்த மாதத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமும் நான் குடித்தேன். உண்மையை எழுதுவது என்று உட்கார்ந்தபின் இதை விடக்கூடாது.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை எழுந்து நின்றேன். குளம் இல்லை என்றேன். குப்பி எறியவில்லை என்றேன். கொட்டகையைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், ஆஸ்பத்திரியைச் சொன்னேன். யாரும் அசையவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து, சாயா குடிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனார். எல்லாரும் போனபின்பும் அக்கா உட்கார்ந்திருந்தார். நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றார். "கிராம்பு மணத்த வாய் எங்க வீட்லயும் உண்டு."

"தெரிஞ்சிட்டுதானா என்னக் கூட்டிட்டுப் போனிய?"

"நீ குடிக்காம நிண்ணா அவியளும் நிப்பாவன்னு நெனச்சேன். நீ நிக்கல்லன்னு ஒத்துக்கிட்டா எனக்குப் பிடிச்சுக்க வேற என்ன இருந்துது?"

அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்கும் தைரியமும் வரவில்லை. நாடாவைச் சுற்றி முடித்துவிட்டு எழுந்தவர், "சனிக்கிழமை கஞ்சிப் போணி போணும். ஆட்டோ வருமா?" என்றார். வரும் என்றேன்.

இப்போது அக்காவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோர்க்கமுடியவில்லை. வியாழக்கிழமை வாசிப்பில் அவர் தடுமாறும் இடத்தில் நான் மெதுவாகச் சேர்ந்து வாசிக்கிறேன். சாட்சி நேரம் வந்தால் "இன்னைக்குக் குடிக்கல்ல" என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அதற்கு யாரும் கைதட்டுவதும் இல்லை. அந்த இன்றைக்குகள் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தும் மார்த்தாண்டத்தில் சவாரி இறக்கிவிடும்போது முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "குளத்துல குப்பி எறிஞ்ச ஆளுதானே நீங்க?" என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். குளம் இல்லை என்று சொன்னால் அவர் முகம் விழுந்துபோகிறது. அந்தக் குளத்திலிருந்து நான் இன்னும் கரையேறவில்லை மக்களே.

டப்பா சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை, திறந்தால் மணம் மட்டும் வரும். தூக்கி எறியச் சொல்கிறாள் அம்மா. எறிந்தால் அதையும் ஒரு நாள் எங்காவது எழுந்து நின்று சாட்சியாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அம்மா இறைச்சிக்கு மசாலா இடிப்பாள். நீங்களும் வந்து மோந்து பார்ப்பீர்கள். அப்பா மணம் என்று சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். இந்தத் தடவை நான் முற்றத்துக்கு இறங்கிப் போகமாட்டேன்.