கழித்த பைகளைக் கேட்டவர்

பேசும்போதெல்லாம் பேனா மூடியைக் கழற்றி மாட்டுவது அந்தக் கம்பெனி பர்ச்சேஸ் அதிகாரியின் பழக்கம். பாதி நரைத்த தலை, சின்னத் தோடு. பெரிய மில்களிடம் மட்டுமே பை வாங்கிவந்த கம்பெனியைப் பெண்கள் குழுக்களிடமும் வாங்க வைக்கும் திட்டம் அவருடையது. அறந்தாங்கியில் என் மருமகளின் குழு தைத்த துணிப்பைகளைப் பார்க்க வந்திருந்தார். ஆர்டர் கிடைக்காவிட்டால் பதினான்கு பெண்களுக்கும் வேலையில்லை.

நல்ல பைகள் இருநூற்றை இரண்டு தடவை எண்ணி மேசையில் அடுக்கியிருந்தேன். கோணல் தையல் விழுந்த முப்பத்தேழைச் சாக்கில் கட்டி ஒளித்ததும் நான்தான்.

"கழிச்சதெல்லாம் எங்கிட்டு இருக்குங்க?" என்றார்.

"அப்படி ஒண்ணுமே இல்லைங்க மேடம்."

"கழிக்கவே தெரியாத குழுன்னா நான் கெளம்புறேங்கய்யா."

"போதும் மாமா ஒங்க சாமர்த்தியம்" என்று மருமகள் சாக்கை இழுத்து வந்தாள்.

ஒவ்வொரு பையையும் வெளிச்சத்தில் பிடித்து, ஏன் கழித்தீர்கள் என்று கேட்டார். முப்பத்தேழுக்கும் அவள் காரணம் சொன்னாள். கடைசிப் பையில் அவர் கண்ணுக்கே குறை தெரியவில்லை. கைப்பிடியில் விட்டுப்போன ஒரு தையலை மருமகள் விரலால் காட்டினாள். பேனா மூடியைக் கழற்றியவர், மாட்டாமலே ஆர்டரில் கையெழுத்திட்டார்.

முப்பத்தேழைப் பார்த்தே இருநூற்றையும் பார்த்துவிட முடியும் என்று எழுபத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது. நான் அடுக்கிய அடுக்கை அவர் தொடவே இல்லை.